விலகி நிற்கும் புள்ளி

என் கட்டுரையின் மூன்றாம் படத்தில்
நாலாயிரத்துச் சொச்சம் புள்ளிகள்
ஒரு கோட்டை ஒட்டிச் சாய்ந்து கிடக்கின்றன.

மைய வங்கி வட்டியை ஏற்றினால்
மேய்ச்சல்காரர்கள் கடனை எப்போது அடைக்கிறார்கள்?
கேள்வி அவ்வளவுதான்.
சீக்கிரம் அடைக்கிறார்கள்.
மூன்று நட்சத்திரம் போட்ட விடை.

ஒரு புள்ளி மட்டும் வலது மூலையில்,
பந்தியில் இடம் கிடைக்காதவனைப் போல.

கடன் எண் 1147. பயன்கொங்கர் மாநிலம்.
ஈடு: முந்நூற்றுப் பன்னிரண்டு ஆடுகள்.
வசந்தத்தில் கேஷ்மீர் ரோமம் சீவி விற்றுக்
கட்ட வேண்டிய தொகையை
பிப்ரவரியிலேயே,
வட்டி ஏறிய ஒன்பதாம் நாள்,
ஒரே தவணையில் ரொக்கமாகக் கட்டியிருக்கிறார்.

"கோட்பாட்டுக்குப் பிறந்த பிள்ளை இவர்"
என்றான் அடுத்த மேசை சோய்ஜில்.
"படம் பிடித்து முதல் பக்கத்தில் போடு."

தொலைபேசி எண் செத்திருந்தது.
விசாரித்ததில், ஆள் இப்போது உலான்பாத்தரிலேயே,
வடக்குச் சரிவின் கூடாரப் பேட்டையில்
கரிக்கட்டி மூட்டை சுமக்கிறார் என்றார்கள்.
என் அலுவலகத்திலிருந்து பேருந்தில் ஐம்பது நிமிடம்.
புகையில் எதிர்வீடு தெரியவில்லை.

கொம்போஜாவ் உப்புத் தேநீர் ஊற்றினார்.
நான் வட்டி விகிதம் பற்றிக் கேட்டேன்.
ஏறியதா என்று அவர் என்னைக் கேட்டார்.

பனி மேலே உருகி மறுபடி இறுகி
புல்லுக்குக் கண்ணாடி மூடி போட்டுவிட்டதாம்.
ஆடுகள் குளம்பால் தட்டித் தட்டி
நின்றபடியே விறைத்தனவாம்.
மைனஸ் நாற்பதை அவர் எண்ணாகச் சொல்லவில்லை.
"துப்பினால் சத்தம் கேட்கும்" என்றார்.

தோல்களை விற்றேன்.
மிஞ்சிய பத்தொன்பதை விற்றேன்.
மோட்டார் சைக்கிளை விற்றேன்.
அந்தச் சூரியத் தகட்டையும்.
வங்கிக்குப் போய் மொத்தத்தையும் மேசையில் வைத்தேன்.

ஏன் காத்திருக்கவில்லை? என்றேன்,
படிவத்தில் உள்ள கேள்வி அது.

"ஆடு குட்டி போடாத வருஷமும்
வட்டி குட்டி போடும், தங்கச்சி.
செத்ததுக்கெல்லாம் எதுக்குத் தீவனம்?"

இரவு திரும்பிவந்து தேடினேன்.
அதே பிப்ரவரியில், அதே பள்ளத்தாக்குகளில்
இன்னும் அறுநூற்று நாற்பது 1147-கள்.
கோட்டுக்குள் ஒழுங்காக உட்கார்ந்திருந்ததால்
கண்ணில் படாதவர்கள்.
கோட்டைச் சாய்த்ததே அவர்கள்தான்.

வட்டி ஏன் ஏறியது? விலைவாசி.
விலைவாசி ஏன்? இறைச்சி.
இறைச்சி ஏன்?
கொள்கை அறிக்கையின் பதினோராம் பக்கத்தில்
"பருவநிலைக் காரணிகள்" என்று
இரண்டே சொற்களில் கிடந்தன அத்தனை ஆடுகளும்.

பனியின் ஆழத்துக்கு ஒரு பத்தி சேர்த்தேன்.
வானிலை நிலையங்களிலிருந்து, சென்டிமீட்டரில்,
வட்டத்துக்கு ஒரு எண்.
கணினி ஒரு நிமிடம் யோசித்தது.
ஒரு நட்சத்திரம் உதிர்ந்தது.
பிறகு மற்ற இரண்டும்.

விடை இல்லாத கட்டுரையை
எந்த இதழ் வாங்கும் என்கிறான் சோய்ஜில்.
அவன் சொல்வதும் சரிதான்.
போன வியாழக்கிழமைக் கூட்டத்தில்
பழைய வரைவின் இரண்டு வரியை
யாரோ வாசித்துக் காட்டியதாகவும் கேள்வி.
வட்டி இன்னும் அரை விழுக்காடு ஏறியிருக்கிறது.

புறப்படும்போது கொம்போஜாவ்
ஒரு ரசீதை மடிப்புப் பிரித்து நீட்டினார்.
முன்கூட்டியே கட்டினால்
நாற்பத்தோராயிரம் துக்ரிக் திரும்ப வருமென்று
அந்த வங்கிப் பெண் சொன்னாளாம்.
வருமா?

என் தரவில் அதற்குப் பத்தி இல்லை.
விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.
ரசீது இன்னும் என் பையில் இருக்கிறது,
கரித்தூள் விரல் ரேகையோடு.
நாளை அந்த வங்கி ஒன்பதரைக்குத் திறக்கும்.